பாய்லர் நோட்டில் தொண்ணூறு கையெழுத்து

"ஆமாவா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க." ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது இதைப் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். தொற்று பரவி ஊரே பூட்டிக் கிடந்த காலம் அது. அரசு நிவாரணத்துக்கு மனுப் போட்டுக் கொடுக்க சிறு வியாபாரிகள் சங்கம் ஓர் உதவி எண்ணை அறிவித்து, அதன் பின்னால் எங்கள் நாலு பேரை உட்கார வைத்திருந்தது. உட்கார வைத்தது என்றால் அவரவர் வீட்டில்தான். எனக்கு வாய்த்த ஆபீஸ், படுக்கையறையில் துணி பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் போட்ட ஒரு மடக்கு மேஜை. கதவுக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர். சுற்றுலா வேன் ஓட்டுகிறவர். ஓட்டுவதற்குச் சுற்றுலா இல்லாமல் காலையிலிருந்து டிவி ரிமோட்டை ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குச் சம்பளம் என்று வந்தது அப்போது என்னுடையது ஒன்றுதான்.

எனக்கு முன்கோபம். அதை மறைத்துப் பயனில்லை, கூடப் பிறந்தது. முன்பு ஆடிட்டர் ஆபீஸில் பதினாலு வருஷம் வேலை பார்த்தேன், அங்கேயும் இதே பேர்தான். போனில் வருகிறவர்களோ, கேட்டதற்குப் பதில் சொல்வதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் போல இருப்பார்கள். பதிவு எண் என்ன என்று கேட்டால் ஒரு தையல்காரம்மா தன் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்த கதையை ஆரம்பிப்பார். ஒரு முடி திருத்துகிறவர், கடை மூடிதான் இருக்கிறது, ஆனால் தெரிந்தவர்கள் வாசலில் வந்து நின்றால் மனசு கேட்காமல் வெட்டிவிடுகிறேன், இது திறந்ததா மூடியதா நீங்களே சொல்லுங்கள் என்பார். நான் சாலமன் ராஜாவா தீர்ப்புச் சொல்ல? ஆமாவா இல்லையா என்று கேட்பேன். அவர் முழுங்குவார். ஏதாவது ஒன்றைச் சொல்வார். நான் கட்டத்தில் குறி போட்டு அனுப்பிவிடுவேன்.

மற்ற மூன்று பேரும் நாளைக்குப் பதினைந்து மனு முடித்தால் அதிகம். நான் நாற்பது முடிப்பேன். சங்கத்துச் செயலாளர் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் என் எண்ணிக்கையைப் போட்டு, பக்கத்தில் கை தட்டுகிற படம் ஒன்றையும் போடுவார். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். உண்மையைச் சொன்னால் அந்தப் படத்துக்காகவே இன்னும் வேகமாக ஆள்களின் பேச்சை வெட்டினேன்.

ஒரு நாள் மத்தியானம் அக்கா போன் செய்தாள். உதவி எண்ணுக்கு இல்லை, என் சொந்த எண்ணுக்கு.

"ஏய், அந்த நிவாரணப் பணம் எங்களுக்கும் வருமாடி? கட்டிடக்காரர் அடுத்த மாசக் கடைசிக்குள்ள வாடகை வரலைன்னா பூட்டு போட்டுருவேன்னு ஆள் அனுப்பிட்டாரு."

அக்காவும் அத்தானும் லாண்டரி நடத்துகிறார்கள். தெருவில் போகிற வருகிறவர்களின் சட்டை இல்லை, ஹோட்டல்களின் படுக்கை விரிப்பும் துண்டும் மேஜைத் துணியும். முன்னால் ஒரு கவுன்ட்டர், அதற்குப் பின்னால் மூன்று பெரிய துவைக்கும் மெஷின், கடைசியில் தகரக் கூரைக்குக் கீழே பாய்லர். அந்த பாய்லரிலிருந்து வருகிற நீராவியில்தான் இஸ்திரி மேஜைகள் ஓடும். இஸ்திரிக்கு மூன்று பெண்கள். ஹோட்டல்கள் மூடிய அன்றே துணி நின்றுபோய்விட்டது.

அத்தானுக்குத் தெருவில் நீராவி என்று பேர். பேச்சு அவ்வளவு மெதுவாகக் கொதித்து வரும். அவர்கள் கல்யாணத்தில் எனக்குப் பன்னிரண்டு வயது, அன்றைக்கு என்னைப் பாப்பா என்று கூப்பிட்டார், நாற்பத்து நாலு வயதிலும் நான் பாப்பாதான். கோபப்பட்டுப் பார்த்ததில்லை. அவருக்கு உலகத்தில் ஒரு பைத்தியம்தான், அந்த பாய்லர். அதற்கு ஒரு நோட்டு உண்டு. பற்றவைத்த நேரம், தண்ணீர் மட்டம், அழுத்தம், வால்வு, கடைசியில் கையெழுத்து. லைசென்ஸ் கொடுத்த காலத்தில் வந்த ஆய்வாளர், நோட்டில் ஒரு நாள் விட்டுப்போனாலும் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவேன் என்று டீயை உறிஞ்சிக்கொண்டே சும்மா மிரட்டிவிட்டுப் போனார். அத்தான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பத்தொன்பது வருஷமாக ஒரு நாள் விடவில்லை.

"பேப்பர் எல்லாம் எடுத்து வச்சுக்கக்கா, இன்னைக்கே முடிச்சிடலாம். அத்தான்கிட்ட குடு" என்றேன்.

நிவாரணத்தில் இரண்டு வகை இருந்தது. முழு அடைப்புக்கு முழுத் தொகை. பகுதி அடைப்புக்குப் பாதி. முழு அடைப்பு என்றால் எந்த வியாபாரமும் நடக்காமல், எந்த இயந்திரமும் இயக்கப்படாமல் தொண்ணூறு நாள். இந்த விதி எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அத்தானிடம் கேட்டேன்.

"தொண்ணூறு நாளும் தொழில் முழுசா நின்னுபோச்சா அத்தான்?"

"துணி வரலை பாப்பா. ஒரு கைக்குட்டைகூட வரலை. ஆனா காலையில போயி பாய்லர மட்டும்..."

"அத்தான், ஆமாவா இல்லையா? உங்களுக்குப் பின்னாடி பதினோரு பேரு வரிசையில இருக்காங்க."

"ஆமா" என்றார்.

முழு அடைப்பு என்ற கட்டத்தில் குறி போட்டேன். உறுதிமொழிப் பத்திரத்தையும் நானே தயார் செய்து அனுப்பினேன், அவர் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து அனுப்பினார். இணைப்பு விஷயத்தில் எனக்கென்று ஒரு கொள்கை உண்டு. குறைவாக இணைத்தால்தான் மனுவைத் திருப்பி அனுப்புவார்கள், கூடுதலாக இணைத்ததற்காக யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. போலி லாண்டரிக்கெல்லாம் மனு வருகிறது என்று ஒரு பேச்சு இருந்ததால், இது லைசென்ஸ் வாங்கி ஒழுங்காக நடக்கிற இடம் என்று காட்ட பாய்லர் நோட்டைவிட நல்ல சாட்சி ஏது என்று தோன்றியது. ஆறு மாசப் பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அக்கா சளைக்காமல் பக்கம் பக்கமாக எடுத்து அனுப்பினாள். நான் ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஏற்றிவிட்டு, அடுத்த ஆளின் போனை எடுத்தேன். அன்றைக்கு நாற்பத்து மூன்று மனு. கை தட்டுகிற படம் இரண்டு வந்தது.

பதினெட்டாம் நாள் அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, இது நல்ல செய்திதானே என்று கேட்டிருந்தாள். முழு அடைப்பு என்று உறுதிமொழி அளித்துள்ள தொண்ணூறு நாட்களிலும் தங்கள் நிறுவனத்தில் கொதிகலன் இயக்கப்பட்டதைத் தாங்கள் இணைத்த பதிவேடே காட்டுகிறது, தவறான உறுதிமொழிக்காக ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது, பத்து நாளில் தொலைபேசி விசாரணைக்கு ஆஜராகவும் என்று இருந்தது.

அந்தப் படங்களை அப்போதுதான் திறந்தேன். காலை 6.20, தண்ணீர் முக்கால், அழுத்தம் மூன்று, வால்வு சரி, கையெழுத்து. அடுத்த நாள் 6.15. அதற்கடுத்த நாள் 6.20. குனிந்து நிதானமாக எழுதிய எழுத்து. ஊரடங்கில் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை வெளியே போக அனுமதி இருந்தது அல்லவா, அந்த நேரத்தில் போயிருக்கிறார். துணி எண்ணிக்கை என்ற இடத்தில் தினமும் 'இல்லை' என்று எழுதியிருக்கிறார். தொண்ணூறு நாளும், தொண்ணூறு 'இல்லை'.

போன் போட்டேன். "ஏன் அத்தான் ஓட்டினீங்க?"

"ஓட்டலைன்னா உள்ள குழாய் துருப்பிடிச்சிடும் பாப்பா. சும்மா அரை மணி நேரம் சூடு காட்டிட்டு அணைச்சிடுவேன். அன்னைக்கே சொல்ல வந்தேன்ல."

சொல்ல வந்தார்தான். பதினோரு பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று நான்தான் வாயை அடைத்தேன். உண்மையில் அப்போது வரிசையில் யாருமே இல்லை. அது என் சொந்த எண். அந்தப் பொய் தானாக வாயில் வந்தது, தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிப்போனதால்.

ஆலோசகர்களுக்கு என்று சங்கம் ஒரு கையேடு கொடுத்திருந்தது. அதில் அறுபத்தோராம் பக்கம் எனக்குத் தெரியும். ஆலோசகர் பிழை அறிக்கை. மனுதாரர் சொன்னதை ஆலோசகர் சரியாகக் கேட்காமல் தவறான வகையில் விண்ணப்பித்துவிட்டதாக, விசாரணைக்கு முன் ஆலோசகரே எழுதிக் கொடுத்தால், மனுதாரர் மேல் குற்றம் இல்லை. மனு பகுதி அடைப்புக்கு மாற்றப்படும், பாதிப் பணம் வரும். ஒரு பக்கம்தான். நிரப்ப ஐந்து நிமிஷம் போதும். நடந்ததும் அச்சு அசலாக அதுதான்.

செயலாளருக்குப் போன் செய்தேன். "சார், இந்தப் பிழை அறிக்கை யாராவது குடுத்தா அப்புறம் என்ன ஆகும்?"

"யாரு தப்பு பண்ணது? பேரைச் சொல்லுங்க, இன்னைக்கே லிஸ்ட்லேர்ந்து எடுத்துடறேன்" என்றார். "ஒரு அறிக்கை போனாலும் சங்கத்துக்கு மனு ஏத்தற அனுமதியே போயிடும்மா. உங்க நாலு பேர் சம்பளமும் அந்த அனுமதியில வர்றதுதான். யாரும்மா அது?"

"யாரும் இல்ல சார். சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் சேனல் மாற்றிக்கொண்டிருந்தார். வேன் கடனுக்கான தவணை ஐந்தாம் தேதி. பெண்ணுக்கு ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய போனுக்குப் பத்தாம் தேதி. இதை நான் காரணமாகச் சொல்லவில்லை. காரணம் இல்லை என்றும் சொல்லமாட்டேன். பயந்துபோனேன், அவ்வளவுதான். ஊரில் இருக்கிற அத்தனை பேரிடமும் ஆமாவா இல்லையா என்று கறாராகக் கேட்டவள், எனக்கென்று வந்தபோது முழுங்கினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு லாண்டரிக்குப் போனேன். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் அவர்கள் இரண்டு பேரும், இந்தப் பக்கம் நானும், எல்லாருக்கும் முகக்கவசம். அக்கா கவுன்ட்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், அதில் தூசியே இல்லை. மெஷின்களின் மேல் பழைய விரிப்பைப் போட்டு மூடியிருந்தார்கள். பின்னால் பாய்லர் பக்கத்திலிருந்து லேசான சூடு வந்தது. அன்றைக்கும் ஓட்டியிருக்கிறார்.

"ரெண்டு வழி இருக்கு" என்றேன். ஆபீஸ் குரலை வரவழைத்துக்கொண்டேன், அது இருந்தால் எனக்குத் தைரியம். "நோட்டு உண்மைன்னு சொன்னா பத்திரம் பொய். பணமும் வராது, அபராதமும் போடுவாங்க, கேஸ்கூடப் போடலாம். பத்திரம் உண்மைன்னு சொன்னா நோட்டு பொய். பாய்லரை ஓட்டவே இல்லை, பழக்க தோஷத்துல தினமும் எழுதி வச்சுட்டேன்னு சொல்லணும். அப்ப பணம் வந்துடும்."

அத்தான் நோட்டை எடுத்து இரண்டு பக்கம் புரட்டினார். பிறகு, "நான் எழுதினதைப் பொய்னு நானே சொல்லணுமா பாப்பா?" என்று கேட்டார்.

"ஆமா அத்தான்."

"அப்ப பாய்லர் லைசென்ஸ்?"

"அது வேற ஆபீஸ், இது வேற ஆபீஸ் அத்தான். இவங்க பார்த்த பேப்பர் அவங்களுக்குப் போனதா சரித்திரமே கிடையாது. பதினாலு வருஷம் இந்த ஆபீஸ்களைத்தான் பார்த்திருக்கேன்."

அக்கா துடைக்கிற துணியைக் கீழே வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கவசம் பாதி மறைத்திருந்தது, அதற்காக நான் அதைக் கண்டுபிடித்தவனுக்கு நன்றி சொன்னேன்.

"வேற வழியே இல்லையாடி?"

"இல்லக்கா" என்றேன்.

சின்ன வயதில் அவளிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அவள் பென்சிலை உடைத்துவிட்டு நான் இல்லை என்பேன், அவள் காதைத் திருகி உண்மையை வாங்கிவிடுவாள். இந்த முறை அவள் திருகவில்லை. படித்தவள் சொல்கிறாள், சரியாகத்தான் இருக்கும் என்று தலையை ஆட்டிக்கொண்டாள்.

விசாரணை அன்று போனை ஸ்பீக்கரில் போட்டுக் கவுன்ட்டர் மேல் வைத்தோம். என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அத்தான் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. விசாரணை அதிகாரி ஒரு பெண். குரலில் கடுமை இல்லை. அவரும் என்னைப் போல ஏதோ ஒரு வீட்டுப் படுக்கையறையில் உட்கார்ந்திருக்க வேண்டும், பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"கொதிகலனை ஓட்டினீங்களா சார்?"

"இல்லைங்கம்மா. ஓட்டலை."

"அப்ப இந்த நோட்டுல நேரம், தண்ணி அளவு, அழுத்தம் எல்லாம் தினமும் இருக்கே?"

"பழக்கத்துல எழுதினதுங்க. வீட்டுல உக்காந்தே எழுதிட்டேன்."

"மனசுக்குத் தோணின அளவை எழுதினீங்களா?"

"ஆமாங்கம்மா."

அந்த அம்மா எதையோ தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. நான் தாளில் அடுத்த பதிலை விரலால் காட்டினேன். ஆனால் அவர் கேட்டது என் தாளில் இல்லாத கேள்வி.

"அடைப்புக்கு முன்னாடி எழுதினது எல்லாம் நிஜம்தானே சார்? அதையும் பதிவு பண்ணிக்கணும்."

அவர் உதவியாகத்தான் கேட்டார் என்று இப்போது தோன்றுகிறது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். அத்தான் என்னைப் பார்த்தார். நான் என்ன சாடை காட்டுவது என்று தெரியாமல் விழித்தேன். அவர் என்ன நினைத்தாரோ. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன், சொல்ல ஆரம்பித்துவிட்டால் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரியவில்லை. முன்னால் எழுதியது நிஜம் என்றால் பின்னால் எழுதியது ஏன் பொய் என்று கேட்டு, பதில் எழுதிக் கொடுத்த என்னை மாட்டிவிடுவார்கள் என்று பயந்ததாக அக்காவிடம் பிறகு சொல்லியிருக்கிறார். என்னைக் காப்பாற்றவாம்.

"அதுவும் அப்படித்தாங்கம்மா" என்றார். "எல்லாமே சும்மா எழுதினதுதான்."

"லைசென்ஸ் வாங்கின பத்தொன்பது வருஷமுமா?"

"ஆமாங்க."

அக்கா சட்டென்று பின்பக்கம் போய்விட்டாள். நான் அந்த நேரத்தில் வாயைத் திறந்திருக்கலாம். அம்மா, நான்தான் ஆலோசகர், தப்பு என்னுடையது, அவர் தினமும் ஓட்டினார், நோட்டில் இருக்கிறது ஒவ்வொரு எழுத்தும் சத்தியம் என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷம் முழுக்க நான் என் தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒன்பதாம் நாள் பணம் வந்துவிட்டது. முழுத் தொகை. கட்டிடக்காரருக்கு வாடகை போயிற்று, இஸ்திரிப் பெண்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். அக்கா போனில் அழுதாள். நான் தட்டிக்கொடுக்கிற மாதிரி ஏதோ பேசினேன். அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்று வாரம் கழித்து ஹோட்டல்கள் ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தன. முதல் மூட்டை விரிப்பு வந்த அன்று, அத்தான் விடிவதற்கு முன்பே போய் பாய்லரைப் பற்றவைத்தார். பத்து மணி வாக்கில் கொதிகலன் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். விசாரணை வாக்குமூலத்தின் ஒலிப்பதிவு அவர்களுக்குப் போயிருந்தது. பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் அனுப்பியே ஆக வேண்டுமாம், அது ஏழு வருஷமாக இருக்கிற விதி. பதினாலு வருஷம் ஆபீஸ்களைக் கண்டவள் என்று அளந்தேனே, எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது நெருப்பை அணைத்து, தண்ணீரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தரையெல்லாம் வெந்நீர். இஸ்திரிப் பெண்கள் மூன்று பேரும் மேஜைமேல் கால் தூக்கி உட்கார்ந்திருந்தார்கள். அத்தான் நோட்டை நீட்டி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"சார், எல்லாம் நிஜம் சார். ஒரு நாள் விடலை. குழாயைப் பாருங்க, துரு இருக்கான்னு பாருங்க. ஓட்டாம இருந்தா இப்படி இருக்குமா சார்?"

வந்தவர்களில் பெரியவர் தன்மையாகத்தான் பேசினார். "ஐயா, பத்தொன்பது வருஷம் பொய் எழுதினேன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க, உங்க குரல்லயே இருக்கு. இப்ப நிஜம்னு சொல்றீங்க. நான் எதை நம்பறது? நாளைக்கு இது வெடிச்சா அந்த மூணு பொண்ணுங்களுக்கு யார் பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான் அவர் இடத்தில் இருந்தால் இன்னும் நாலு வார்த்தை கூடுதலாகப் பேசியிருப்பேன். பாய்லரின் கதவில் கம்பியைக் கோத்து, ஈயத்தை வைத்து நசுக்கி முத்திரை போட்டார்கள். நோட்டையும் எடுத்துக்கொண்டு, எடுத்ததற்கு ஒரு ரசீது கொடுத்தார்கள். அத்தான் அந்த ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இறக்கிய தண்ணீரை வாசலுக்குத் தள்ள விளக்குமாற்றை எடுத்தார்.

அன்று வீட்டுக்குப் போய் அறுபத்தோராம் பக்கத்தை எடுத்தேன். பிழை அறிக்கையை ஒரே மூச்சில் நிரப்பினேன். மனுதாரர் தெளிவாகச் சொல்ல முயன்றார், நான் குறுக்கிட்டேன் என்று பூசி மெழுகாமல் எழுதினேன். விசாரணைக்கு முன் கொடுத்தால்தான் செல்லும் என்று மேலே கொட்டை எழுத்தில் இருந்தது. அது தெரிந்தேதான் எழுதினேன். செல்லாது என்று தெரிந்ததால்தான் அவ்வளவு தைரியமாக எழுத முடிந்தது. எழுதி முடித்து நாலாக மடித்து, பிறகு கிழித்துப் போட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. என்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது, அதற்கும் யாரிடம் கத்துவது?

புது லைசென்ஸுக்குப் புது பாய்லர் வேண்டும், அல்லது பழையதைப் பிரித்துச் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். விலை விசாரித்தார்கள். மூன்று மெஷினையும் விற்றாலும் போதாது. ஹோட்டல்காரர்கள் இரண்டு நாள் பொறுத்தார்கள், மூன்றாம் நாள் வேறு லாண்டரிக்கு மாற்றிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, விரிப்பு இல்லாமல் அறையை எப்படி வாடகைக்கு விடுவார்கள்? இஸ்திரிப் பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். அக்கா ஒரு தடவை பேச்சுவாக்கில் சொன்னாள், பாதிப் பணம் வந்திருந்தால்கூடக் கட்டிடக்காரர் பொறுத்துக்கொண்டிருப்பாராம், பூட்டு என்று மிரட்டியபோதே, பாதி கொடுத்தாலும் போதும் என்றும் சொல்லி அனுப்பினாராம். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், நறுக்கிக்கொண்டே இருந்தேன்.

போன மாதம் இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். தொழிலை நிரந்தரமாக மூடுவதற்கு ஒரு படிவம் இருக்கிறது, அதைக் கொடுக்காவிட்டால் வருஷா வருஷம் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். அதை நான்தான் நிரப்ப வேண்டும் என்று அக்காவுக்குப் பிடிவாதம். வேறு யாரிடமாவது போங்கள் என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை. மடக்கு மேஜைக்கு முன்னால் அத்தானை உட்கார வைத்தேன், அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அத்தான் இப்போது ஒரு குடோனில் பகல் காவலுக்குப் போகிறார். தொப்பியை மடியில் வைத்திருந்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார், ஒரு வார்த்தை கூடுதலாக வரவில்லை.

கடைசிக் கேள்வி, மூடுவதற்கான காரணம். கீழே ஒரு பட்டியல் இருந்தது. நஷ்டம். உரிமையாளர் மரணம். பெருந்தொற்று. மற்றவை. மற்றவை என்றால் சொந்த வார்த்தையில் விளக்கம் எழுத ஒரு பெட்டி திறக்கும். நான் மற்றவை என்பதைத் தொட்டேன். பெட்டி திறந்தது. காலியாக, பெரியதாக இருந்தது. அத்தான் எட்டிப் பார்க்கவில்லை. நான் முதல் எழுத்தை அடிக்கவும் இல்லை.

"என்னடி யோசிக்கிற?" என்றாள் அக்கா. "பெருந்தொற்றுன்னு போடு. அதானே உண்மை. ஊரு உலகத்துக்கு வந்ததுதான் நமக்கும் வந்துச்சு. நீ மட்டும் இல்லைன்னா அந்தப் பணமும் வந்திருக்காது."

பெட்டியை மூடினேன். பெருந்தொற்று என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அச்சிட்டுக் கொடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன்.

"ஒரு தடவை படிச்சுப் பாருங்க அத்தான்" என்றேன்.

"எதுக்கு பாப்பா" என்றார். "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்."

படிக்காமலே போட்டார்.